கற்பூரவல்லி வந்து நின்ற வாசல்கள்

எங்கள் வீட்டுக் கற்பூரவல்லி முதன்முதலாக வாசலை விட்டுக் கிளம்பியது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், நான் துவைத்த துணியைக் கொடியில் விரித்துவிட்டுத் திரும்புவதற்குள், தான் குடியிருந்த வெள்ளை பெயிண்ட் பக்கெட்டோடு, சொல்லாமல் கொள்ளாமல். பக்கெட் இருந்த இடத்தில் ஈரமாக ஒரு வட்டம் மட்டும் கிடந்தது. தெருவை எட்டிப் பார்த்தால், ஆறு வீடு தள்ளி மாரக்காள் வாசலில், அவள் போட்ட கோலத்தில் ஒரு புள்ளிகூடக் கலையாமல், நட்டநடுவில் உட்கார்ந்திருக்கிறது.

மாரக்காள் கதவைத் திறந்தாள். செடியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"நாலு நாளா ஒரே இருமல் கண்ணு. நான் யாருகிட்டயும் சொல்லலியே, நீ எப்படிக் கண்டுபுடிச்சே?"

"நான் எங்கீங்கக்கா கண்டுபுடிச்சேன். அதுதான் வந்திருக்குது."

"அப்படியா," என்று சொல்லி, நாலு இலையைக் கிள்ளிக்கொண்டு அடுப்புப் பக்கம் போய்விட்டாள். அவ்வளவுதான்.

அந்தச் செடியை நான் வைத்தது என் மகள் தர்சிகாவுக்காக. எங்கள் ஊர் கரட்டுப்புதூரில் மொத்தம் இருபத்தாறு வீடு, ஒரு மாரியம்மன் கோயில், ஒரு மஞ்சி மில். தேங்காய் மட்டையை ஊறவைத்து, அடித்து, நாராக உரிக்கிற மில்லுக்கு எங்கள் பக்கம் அப்படித்தான் பெயர். மட்டையை மெசின் அடிக்க அடிக்கத் தூள் பறக்கும். தூள் ஓட்டு மேல் உட்காரும், மாட்டு முதுகில் உட்காரும், காய்கிற துணியில் உட்காரும், பிள்ளைகளின் நெஞ்சுக்குள் போயும் உட்காரும். தர்சிகாவுக்கு ரெண்டு வயதிலிருந்து சளி. ஒரு கணுக் குச்சியை ஒடித்து வந்து, அடி இலையைக் கிள்ளிவிட்டு, செம்மண்ணும் மணலும் அதே மஞ்சித் தூளுமாகக் கலந்து நட்டேன். மனுசனுக்கு ஆகாத தூள் செடிக்கு அமிர்தமாக இருந்தது. நிழலும் வெயிலும் பாதிப்பாதி விழுகிற இடத்தில், அளவாகத் தண்ணீர் விட்டதில், மூன்று மாதத்தில் பக்கெட் வாய் தெரியாமல் மூடிக்கொண்டது. தணலில் இலையை வாட்டிப் பிழிந்து, சாற்றில் ரெண்டு சொட்டுத் தேன் விட்டுக் கொடுப்பேன். "காரமா இருக்குது, இன்னுங் கொஞ்சம் குடு" என்று கேட்டு வாங்கிக் குடிப்பாள். அவள் நெஞ்சு தெளிந்த மறுவாரம்தான் செடி வெளியே போக ஆரம்பித்தது.

ஊர் ஆச்சரியப்பட்டிருக்கலாம், நேரமில்லை. மில்லுக்கு ஷிப்ட், மாட்டுக்குத் தண்ணி, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட வேன் என்று ஓடுகிற ஊரில் ஒரு செடி நடந்தால் அது நடக்கட்டும் என்றுதான் இருந்தார்கள். அது நடப்பதை யாரும் கண்ணால் பார்த்ததும் இல்லை. பால் தயிராவதை யார் பார்த்தார்கள்? சோற்றை வடித்துவிட்டுத் தட்டைத் தேடுவதற்குள், செருப்புக்குள் காலை விட்டு நிமிர்வதற்குள், அது இன்னொரு வாசலில் இருக்கும், அந்த வீட்டில் யாருக்கோ நெஞ்சு கட்டியிருக்கும், அதில் ஒரு நாளும் பிசகு வந்ததில்லை. வாசல் கேட்டைக் கொண்டி போடாமல் சும்மா சாத்தி வைக்கப் பழகினார்கள். நாய்கள் ரெண்டு நாள் குரைத்துவிட்டு விட்டுவிட்டன. வேன் டிரைவர் தெருவில் பக்கெட்டைக் கண்டால் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, பிள்ளைகளை எல்லாம் அந்தப் பக்கம் பார்க்கச் சொல்லி, "போயிருச்சா? சரி, போலாம்" என்று எடுப்பார். ஒரு வீட்டில் இலையை ரசத்தில் போட்டார்கள், ஒரு வீட்டில் மிளகும் சுக்கும் தட்டிப் போட்டுக் கசாயம் வைத்தார்கள், பத்தியத்துக்கு மனசில்லாத வீட்டில் கடலை மாவில் தோய்த்து பஜ்ஜி சுட்டார்கள். பொழுது சாய்வதற்குள் செடி என் வாசலுக்குத் திரும்பிவிடும். அடுத்த வீட்டுப் பாத்திரத்தை வெறுமனே அனுப்பக் கூடாது என்கிற வழக்கம் எங்களுக்கு உண்டென்பதால், பக்கெட் மண் மேல் ஒரு நாள் ரெண்டு முட்டை இருக்கும், ஒரு நாள் ஒரு கைப்பிடித் தக்காளி, ஒரு நாள் முருங்கைக்காய் குறுக்கே படுத்திருக்கும். செடி இப்படிப் போய்வந்த மூன்று மாதமும் நான் குழம்புக்கு யோசிக்கவே இல்லை.

இப்படியே போயிருந்தால் நான் இதை எழுத வேண்டியதில்லை.

மில் மேனேஜர் ரங்கநாதண்ணன் காலையில் டிவிஎஸ்ஸில் எங்கள் தெரு வழியாகத்தான் வருவார். ஒரு நாள் வண்டியை நிறுத்தி, காலை ஊன்றி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"முதலாளி சொல்லீட்டாருங்க. செடி வந்த வீட்டு ஆளுங்க, செடி மறுபடி அந்தப் பக்கம் வராம எட்டு நாள் ஆகிற வரைக்கும் வீட்லயே ரெஸ்ட் எடுக்கோணும். உங்க நல்லதுக்குத்தான்."

"எட்டு நாள் கழிச்சு வந்தா எங்க எடம் இருக்குமுங்ளா?" என்று கேட்டாள் கோயில் வீட்டுத் தெய்வானை. களத்தில் நார் காயப்போடுகிறவள், வாய்க்காரி.

"அதெல்லாம் இருக்கும் இருக்கும்," என்று சொல்லிக்கொண்டே வண்டியைக் கிளப்பினார். ஒன்பதாம் நாள் போனவர்களின் இடத்தில் வேறு ஆள் நின்றிருந்தான்.

அன்றிலிருந்து கரட்டுப்புதூரில் ஒருத்தரும் ஓரிடத்தில் நிற்கவில்லை. காலையில் எழுந்ததும் முகம் கழுவுவதற்கு முன்னால் வாசலைப் பார்த்தார்கள், பார்த்துவிட்டுக் கொல்லைப் பக்கம் பார்த்தார்கள், சோறு வாயில் இருக்கும்போதே எழுந்து போய் மறுபடி வாசலைப் பார்த்தார்கள். கேட்டுக்குக் கொண்டி வந்தது, கொண்டிக்குப் பூட்டு வந்தது, பூட்டு உதவாமல் போனபோது படலில் வேலமுள் வந்தது. செடி முள்ளுக்கு அந்தப் பக்கமும் அதே மாதிரி, ஓர் இலை கிழியாமல், சாதுவாக உட்கார்ந்திருந்தது. இருமலை விழுங்கப் பழகினார்கள். தலையணைக்குள் இருமினார்கள், தண்ணித் தொட்டிக்குள் தலையை விட்டு இருமினார்கள். ஒன்றும் அரைக்காமல் வெறும் மிக்ஸி ஓடுகிற சத்தம் எந்த வீட்டில் கேட்டாலும், அந்த வீட்டில் யாரோ இருமுகிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும், தெரியாத மாதிரி நடந்து போவோம். ஒரு நாள் தெய்வானை தன் வாசலில் நின்ற பக்கெட்டைக் காலால் தள்ளித் தள்ளி மாரக்காள் வாசலுக்குக் கொண்டுபோய்விட்டாள்.

"உன்ற சளிய என்ற வாசல்ல கொண்டாந்து கொட்டறியா?" என்று மாரக்காள் விளக்குமாற்றோடு வந்தாள்.

"உங்க வாசலுக்கு அது புதுசா? மொதல்ல வந்து சொந்தக்காரியாட்டக் குந்தினதே அங்கதான!"

ரெண்டு பேரும் என் பக்கம் திரும்பினார்கள். "ஏ சுகந்தி, உன்ற செடியக் கட்டி வெய்யி!"

கட்டினேன். அந்த மில்லு நாரில் திரித்த கயிற்றிலேயே, கொய்யா மரத்தில் கட்டினேன். கயிறு முடிச்சுப் போட்டபடியே மரத்தில் இருந்தது, செடி போய்விட்டது.

அப்புறம் ஒரு நாள், ஆடி முடிகிற சமயம், செடி போவதை நிறுத்தியது. என் வாசலிலேயே இருந்தது. ஒரு நாள் இருந்தது, ரெண்டு நாள் இருந்தது, பதினேழு நாள் இருந்தது. எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்ல முடியாது. ஓடிப் போன மாடு தானாகத் தொழுவத்துக்கு வந்த மாதிரி அதைத் தட்டிக்கொடுத்தேன். ஊர் மூச்சு விட்டது. முள்ளை எடுத்து அடுப்பில் வைத்தார்கள். ரங்கநாதண்ணன் வண்டியை நிறுத்தி, "பரவால்லையே, செடி வீட்டோட இருக்குது. ஊரே நல்லாயிருச்சாட்ட இருக்குது" என்று சிரித்துவிட்டுப் போனார். ஆமாங்க என்று நானும் சிரித்தேன். செடி என்னுடையது, அது என் வாசலில் இருந்தால் வேலை இல்லாமல் இருக்கிறது என்றுதான் அவரும் நினைத்தார், ஊரும் நினைத்தது, பதினேழு நாள் அதற்குத் தண்ணீர் ஊற்றிய நானும் நினைத்தேன்.

என் வீட்டுக்காரர் குமரேசன் மில்லில் மட்டை அடிக்கிற மெசினில் நிற்பவர். தூள் கிளம்புகிற வாய் அதுதான். தர்சிகாவைத் தோளில் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போகிற மனுசன், கொஞ்ச நாளாக "முட்டி வலிக்குது சாமி, நடந்து வா" என்று அவளை இறக்கிவிட்டிருந்தார். நான் நல்லெண்ணெயைக் காய்ச்சி, பூண்டைத் தட்டிப் போட்டு, அந்த முட்டிக்குத் தினமும் தேய்த்துவிட்டேன். அவரும் காலை நீட்டிக்கொண்டு தேய்க்கக் கொடுத்தார்.

பதினெட்டாம் நாள் காலையில் தர்சிகா தண்ணித் தொட்டிக்கிட்டே விளையாடிக்கொண்டிருந்தாள். துண்டை நாலாக மடித்தாள், குழாயை முழுசாகத் திறந்துவிட்டாள், துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு குனிந்தாள், தோளை மட்டும் குலுக்கினாள். அப்புறம் சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். துண்டை விரித்துப் பார்த்தாள். மறுபடி மடித்தாள்.

"என்ன வெளையாட்டு சாமி இது?"

"அப்பா வெளையாட்டு," என்றாள்.

திரும்பிப் பார்த்தேன். வாசலில் இருந்த செடி எனக்குப் பின்னால், தொட்டி ஓரத்தில் இருந்தது. தரையைப் பார்த்தேன். வாசலிலிருந்து கட்டிலுக்கு, கட்டிலிலிருந்து தொட்டிக்கு, தொட்டியிலிருந்து அவர் டிபன் கேரியர் மாட்டுகிற ஆணிக்கு நேர் கீழே என்று, பக்கெட்டின் அடித்தடம் வட்டம் வட்டமாகப் பதிந்து கிடந்தது. பதினேழு நாளும் அதை நான் பெருக்கித் தள்ளியிருக்கிறேன்.

அவர் ஷிப்ட் முடிந்து வந்ததும் எண்ணெய்க் கிண்ணத்தை முன்னால் வைத்தேன்.

"எங்க தேய்க்கட்டுமுங்க? முட்டியிலயா, நெஞ்சுலயா?"

மனுசன் என்னைப் பார்க்கவில்லை. "யாருக்கெல்லாம் தெரியும்?"

"உங்க மகளுக்குத் தெரியும். செடிக்குத் தெரியும். நான் ஒருத்திதான் மாங்கா மடச்சி."

"சுகந்தி, சத்தம் போடாத. ஒரு நாள் நான் மெசின விட்டு எறங்கினா வேற ஒருத்தன் ஏறிக்குவான். அப்புறம் நான் எங்க போறது?"

"பெரியாஸ்பத்திரிக்குப் போறது. நெஞ்சப் படம் புடிச்சுப் பாக்கறது."

"தீபாவளி கழியட்டும்."

"மூச்சு அது வரைக்கும் காத்துட்டு இருக்குமுங்ளா மாமா?"

குழாயைத் திறக்கப் போனார். நான் எழுந்து போய் மோட்டார் சுவிட்சையும் போட்டுவிட்டேன், நன்றாக இருமட்டும் என்று. வேறென்ன செய்வதென்று எனக்கும் அப்போது தெரியவில்லை.

அதற்குப் பிறகு எனக்கும் கால் நிற்கவில்லை. மூன்று வேளையும் இலையை வாட்டிப் பிழிந்தேன். அவருக்கு ஒரு மடக்குக்கு மூச்சு சற்று லேசாகும், அடுத்த ஷிப்டில் மறுபடி அடைத்துக்கொள்ளும். செடி மெலிந்துகொண்டே வந்தது, இலை உதிர்ந்து வெறும் கணுக்கணுவாக நின்றது, ஆனாலும் அவரை விட்டு நகரவில்லை. ஒரு நாள் பத்து மணிக்கு மில் கேட்டுக்கே போய்விட்டது. இவர் ஓடிவந்து தூக்கிக்கொண்டு, "வெயில்ல வெக்கலாமுன்னு நாந்தான் கொண்டாந்தனுங்க" என்று ரங்கநாதண்ணனிடம் சொல்லி, வீடு வரை சுமந்துவந்து இறக்கினார். இறக்கிவிட்டு, பேச வாயைத் திறந்து, பேச்சு வராமல், கையால் மட்டும் 'ஒன்றுமில்லை' என்று காட்டினார். அந்தக் கையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அன்று மாரக்காளும் வந்தாள். "கண்ணு, செடி ஏன் இப்பல்லாம் வரதில்ல? வந்தா வைதேன், வராதப்பத்தான் தெரியுது. நாலு இலை குடு."

செடியில் மொத்தமே ஆறு இலை. மூன்றைக் கொடுத்தேன். கொடுக்கும்போதுதான் அந்த யோசனை வந்தது. ஊரில் ஒரே ஒரு செடி இருப்பதால்தானே அது எங்கே நிற்கிறது என்று பார்க்கிறார்கள்? ஒவ்வொரு வாசலிலும் ஒன்று இருந்தால், எது எவருக்காக நிற்கிறது என்று எந்த மேனேஜர் கண்டுபிடிப்பார்?

சேதி சொல்லி அனுப்பியதும் பெண்கள் எல்லாரும் வந்தார்கள். ஆனால் யாரும் கை நீட்டவில்லை. கற்பூரவல்லியைக் கேட்டு வாங்கி நட்டால் பிடிக்காது, தெரியாமல் ஒடித்து நட்டால்தான் தழைக்கும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அதை மீறி யார் பேசி என்ன பயன்?

"சரி, நான் அந்தப் பக்கம் திரும்பிக்கறேன். திருடுங்க," என்றேன்.

"நீ எண்ணிட்டு இருப்பே!" என்றாள் தெய்வானை.

"எனக்கென்ன கண்ணு முதுகுலயா இருக்குது?"

முறத்தை எடுத்து வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துக் கல் பொறுக்கினேன். பின்னால் சிரிப்பும், வளையல் சத்தமும், ஒடிக்கிற சத்தமும் கேட்டன. "அய்யோ, எனக்கு ரெண்டு கணு வந்துருச்சு", "பேசாத, திருட வந்த எடத்துல என்ன பேச்சு!" திரும்பியபோது பக்கெட்டில் ஒரு விரல் நீளத்துக்கு அடிக்கட்டை மட்டும் இருந்தது. அந்த ஊர்க் களவில் ஒரு குச்சிகூடப் பட்டுப்போகவில்லை. எண்ணெய் டின்னில், உடைந்த குடத்தில், பழைய குக்கரில், குழந்தைகள் குளிக்கிற டப்பில் என்று இருபத்தாறு வாசலிலும் தழைத்தது. யாருக்கு நெஞ்சு கட்டினாலும் அவரவர் வாசல் இலையைக் கிள்ளிக்கொண்டார்கள். ரங்கநாதண்ணன் தெருமுனையில் வண்டியை நிறுத்தி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்து, தலையைச் சொறிந்துகொண்டு போனார். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

ஒரு திங்கட்கிழமை, மில் சங்கு ஊதி ஓய்வதற்குள், இருபத்தைந்து வாசலும் காலியாகின. அவரவர் செடியைத் தேடி அவரவர் கிளம்பினார்கள். இருபத்தைந்து வீட்டிலிருந்தும் ஈர வட்டங்கள் தெருவில் இறங்கி, ஒன்றோடொன்று சேர்ந்து, ஒரே பாதையாகி, என் வாசலுக்கு வந்தன. டிபன் கேரியரோடு படியில் இறங்கிய என் வீட்டுக்காரரைச் சுற்றி டின்னும் குடமும் குக்கரும் டப்புமாக நெருக்கியடித்துக்கொண்டு நின்றன, காலெடுத்து வைக்க இடமில்லாமல். எங்கள் அடிக்கட்டை அவர் செருப்பை ஒட்டி நின்றது. யாருக்கும் தெரியக் கூடாது என்று நான் ஊர் பூராவும் நட்டு வைத்ததெல்லாம், ஊரையே கூட்டிக்கொண்டு வந்து அவரைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

டிவிஎஸ் சத்தம் வந்து நின்றது.

"குமரேசா," என்றார் ரங்கநாதண்ணன். "இத்தனையும் உனக்காடா?"

"இல்லீங்கண்ணா. முட்டி..." என்றார். அதற்கு மேல் வரவில்லை. வாயை இறுக்கிக்கொண்டார். கழுத்து நரம்பு புடைத்தது, முகம் கறுத்தது, கண்ணில் தண்ணீர் கட்டியது. அந்த இருமலை அவர் பிடித்து நிறுத்துவதை ஊரே பார்த்துக்கொண்டு நின்றது. அவர் வேலை போகட்டும், தீபாவளி போகட்டும், எல்லாமே போகட்டும். அந்த மூச்சு மட்டும் வெளியே வந்தால் போதும் என்று இருந்தது.

"ஆமாங்கண்ணா, அவருக்குத்தான்," என்று நான் சொன்னேன். "அவரு மூச்சுக்குத்தான் அத்தனையும் வந்திருக்குது. இருமுங்க மாமா."

அவர் இருமவில்லை. மேனேஜரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

முதலில் இருமியது மாரக்காள். வேண்டுமென்று இருமவில்லை, எத்தனையோ நாளாக மிக்ஸிக்குள் அரைத்து வைத்திருந்தது, வாயைப் பொத்தக் கை போவதற்குள் வந்துவிட்டது. ஒருத்தி கொட்டாவி விட்டால் பக்கத்திலிருப்பவளுக்கும் வருகிற மாதிரி, அடுத்துத் தெய்வானைக்கு வந்தது, அப்புறம் களத்து ஆட்களுக்கு, அப்புறம் லோடு ஏற்றுகிறவர்களுக்கு, தலையணையிலும் தொட்டியிலும் துண்டிலும் ஒளித்து வைத்திருந்ததெல்லாம் வரிசை பார்க்காமல் வந்தது. ஊர் இருமியது. ஓட்டின் மேலிருந்த புறா எழுந்து போயிற்று.

"நிறுத்துங்க! யாரு யாருக்கு இருமல்னு..." என்று ரங்கநாதண்ணன் கத்த வாயைத் திறந்தார். திறந்த வாய் மூடவில்லை. வண்டியைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, பதினோரு வருசம் அந்த மில்லில் அவர் மூச்சிழுத்ததெல்லாம் திரும்பி வருகிற மாதிரி இருமினார். நிமிர்ந்தபோது, அவர் வண்டியில் கால் வைக்கிற இடத்தில் தெய்வானை வீட்டு எண்ணெய் டின் ஏறி உட்கார்ந்திருந்தது.

"கிள்ளிக்கங்க," என்றாள் தெய்வானை, இருமலுக்கு நடுவே. "வெறும் வயித்துல நல்லது."

அப்போதுதான் குமரேசன் கேரியரைக் கீழே வைத்தார். துண்டைத் தேடவில்லை. படியில் உட்கார்ந்து, முட்டியில் ரெண்டு கையையும் ஊன்றி, வாயைத் திறந்து இருமினார். குழாய் ஓடாமல், மோட்டார் ஓடாமல், அந்தச் சத்தம் எப்படியிருக்கும் என்று அன்றுதான் கேட்டேன். வெறும் பானைக்குள் கல் உருள்கிற மாதிரி இருந்தது. தர்சிகா அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

அன்று மெசினில் ஏற்ற ரங்கநாதண்ணன் இருமாத ஆளாகத் தேடினார். ஊரில் அப்படி ஒருத்தர் கிடைக்கவில்லை. மில் ஓடவில்லை.

நான் ஆதார் அட்டையும், ஒரு செட் துணியும், புட்டியில் கசாயமும் எடுத்துக்கொண்டு, மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, அவரை ஒன்பது மணி டவுன் பஸ்ஸுக்குக் கூட்டிப் போனேன். மாரக்காள் பஸ் நிறுத்தம் வரை கூடவே வந்தாள். பஸ் வந்து நின்றது. படியில் ஒரு காலை வைத்தவர் நின்றுவிட்டார்.

"ஏறுங்க மாமா. பெரியாஸ்பத்திரில சீட்டு குடுத்து முடிச்சுருவாங்க."

"இரு புள்ள," என்றார். "இன்னுங் கொஞ்சம் இருக்குது."

கம்பியைப் பிடித்துக்கொண்டு, வெட்டவெளியில், எல்லாரும் பார்க்க, மீதியையும் இருமினார். அவர் முடிக்கிற வரைக்கும் கண்டக்டர் விசில் அடிக்கவில்லை.